பிறந்த வீட்டுக் கோடி

ஒரு சாவுக்காக எங்கள் பஜாரில் எல்லாக் கடையும் ஷட்டரைப் பாதி இறக்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பஜார் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் ஒரு வளைவுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் கடைகள். எங்கள் ஜவுளிக்கடை, எதிரே மலையாளத்துக்காரர் டீக்கடை, ஒரு மருந்துக்கடை, ஒரு உரக்கடை, அவ்வளவுதான். மேலே ஏறினால் தேயிலை எஸ்டேட். எஸ்டேட்டுக்கு நடுவில் சிலோன் காலனி. இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களை அந்தக் காலத்தில் அங்கேதான் குடிவைத்தார்கள். செத்துப்போனவர் அந்த மேட்டில் முதலில் வந்து இறங்கியவர்களில் ஒருவர். ஊர் முழுக்க அவரை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடும். நான் ஒருத்தி மட்டும் ‘அத்தை’ என்பேன். அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

அவர் வந்த புதிதில் காலனிக்குக் குழாய் கிடையாது, கீழே ரோட்டில் பஸ் நிற்காது. ஆஸ்பத்திரிக்கு என்றாலும் கோத்தகிரி வரைக்கும் நடைதான். ஒருநாள் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டியபடியே நடு ரோட்டில் போய் நின்றுவிட்டாராம். டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டு கத்தியிருக்கிறான். “அடிச்சுப் போட்டுட்டுப் போ தம்பி, எனக்கும் ஒரு நாள் லீவு கெடைக்கும்” என்றாராம் இவர். மறுநாளும் நின்றார். அதற்கடுத்த நாள் காலனிப் பெண்கள் எல்லோரும் கூடையோடு வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு பஸ் நின்றது. இன்றைக்கும் கண்டக்டர்கள் ‘அம்மா ஸ்டாப் எறங்கு’ என்றுதான் கத்துகிறார்கள். அதைச் சொல்லி யாராவது அவரைப் புகழ்ந்தால், “பஸ்ஸு நின்னதுக்குப் பிரேக்குதான் காரணம், நான் என்னா பண்ணுனேன்” என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விடுவார்.

நான் அன்னூர்ப் பக்கம். காலேஜுக்குப் போகிற பஸ்ஸில் பார்த்துப் பழகியவரைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த மலைக்கு ஏறி வந்தேன். அவர் வேறு சாதி. அப்பா ஒன்றுமே பேசவில்லை. அண்ணன் பேசினான், பேசாமலே இருந்திருக்கலாம். “இனி அப்பனுக்கு நான் ஒருத்தன்தான்னு நெனச்சுக்கறேன் போ” என்றான். “தாராளமா நெனச்சுக்கோ, தோட்டத்துல எனக்குப் பங்கு குடுக்கற வேலை மிச்சம்” என்று நானும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லாதவர்கள் இந்த பஜாரில் கிடையாது.

வந்து கொஞ்ச நாளில், கடையில் நான் தனியாக இருந்தபோது அவர் ஒரு சேலை எடுக்க வந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முந்தானையைக் கசக்கிப் பார்த்து, என் உயிரை எடுத்தார். கல்யாணமா என்று கேட்டேன். காலனியில் ஒரு பெண் செத்துப்போனதாகவும் அவளுக்குக் கோடி எடுக்க வந்ததாகவும் சொன்னார். செத்தவளுக்குப் போடுகிற சேலைக்கா இத்தனை ஆராய்ச்சி என்று கேட்டுவிட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கடைசியா கட்டிக்கிட்டுப் போற சீலை புள்ள. சாயம் போறத எடுத்துக் குடுத்துறாத” என்றார். பிறகு அவரே விளக்கினார். ஒரு பெண் செத்தால் அவள் மேல் முதலில் விழ வேண்டியது பிறந்த வீட்டுக் கோடி. அப்பனோ அண்ணன் தம்பியோ அவர்கள் பிள்ளைகளோ கொண்டுவந்து போர்த்த வேண்டும். மகன், மகள் போடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் சிலோனிலிருந்து வந்தபோது குடும்பங்களைப் பிய்த்துப் போட்டுவிட்டார்கள். அக்காவுக்கு இந்தியா, தம்பிக்கு சிலோன். முதலில் இங்கே செத்த பெண்கள் பிறந்த வீட்டுக் கோடி இல்லாமலே குழிக்குப் போனார்களாம். “அநாதப் பொணமாட்டம் போச்சுங்க. எனக்கு மனசு தாங்கல. அதுலேர்ந்து ஆளு இல்லாதவளுக்கெல்லாம் நான்தான் பொறந்த வீடு.” எந்தச் சாமியும் அவருக்கு அந்த உரிமையைக் கொடுக்கவில்லை. அவராக எடுத்துக்கொண்டார், ஊர் ஒத்துக்கொண்டது.

நான் மாசமாக இருந்தபோது ஒன்பதாம் மாதம் வந்தது. எங்கள் கொங்குப் பக்கத்தில் அப்போது பிறந்த வீட்டிலிருந்து கட்டுச்சோறு வர வேண்டும். புளிச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு என்று வகை வகையாகக் கட்டி, வளையல் பூவோடு கொண்டுவந்து பெண்ணுக்கு ஊட்டுவார்கள். எனக்கு யார் கொண்டுவருவது? என் மாமியார் கெட்டவரில்லை, இருந்தாலும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் “எங்க மருமகளுக்குத்தான் நாதியில்லையே” என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை பகலில் தூக்குச் சட்டிகளோடு காலனிப் பெண்கள் வரிசையாகப் படியேறி வந்தார்கள். முன்னால் இவர், தாம்பாளத்தில் வளையலும் மல்லிகைப் பூவும். மாமியார் வாசலிலேயே மறித்து, “ஏனுங்க, நீங்க இவளுக்கு என்ன முறைங்க?” என்று கேட்டார்.

“இவ அப்பனுக்கு நான் கூடப் பொறந்த அக்கா. இவளுக்கு அத்தை. தள்ளுங்க, சோறு ஆறுது” என்றார்.

பொய் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை அவர் சொன்ன தோரணையைப் பார்த்து மாமியாரே ஒதுங்கி வழிவிட்டார். முதல் கவளத்தை அவர் ஊட்டியபோது நான் அழுத அழுகையில் எள்ளுச்சோறு உப்புக் கரித்தது. அன்றிலிருந்து எனக்கு அவர் அத்தை.

சில வருஷம் கழித்து என் அப்பா செத்தார். எனக்கு ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு, மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்குப் போய்வந்த உரக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். அண்ணனை நான் மனதிலிருந்து வெட்டிவிட்டது அன்றைக்குத்தான். கேள்விப்பட்டு அத்தை ஓடி வந்தார். வாசலிலேயே “எந் தம்பி போயிட்டானே” என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். முகம் கூடத் தெரியாத மனிதருக்கு அப்படி ஒரு அழுகை. பிறகு என் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சோறு போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எப்படி அழ முடிந்தது அத்தை என்று கேட்டேன். “எனக்கும் சிலோன்ல ஒரு தம்பி இருக்கான்ல புள்ள, அவன நெனச்சுக்கிட்டேன்” என்றார்.

அப்படிப்பட்டவர் இந்த ஆனி மாதத்தில், காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, சாய்ந்தவாக்கிலேயே போய்விட்டார். நல்ல சாவு. எஸ்டேட்டுக்கு அன்று லீவு விட்டார்கள். படுகர் ஊர்களிலிருந்தும் ஆட்கள் மாலையோடு வந்தார்கள். காலனி வாசலில் தப்பு அடித்துக்கொண்டிருந்தது. நான் போனபோது அத்தையின் மகனும் மருமகளும் தலைமாட்டில் இருந்தார்கள், குளிப்பாட்ட எல்லாம் தயாராக இருந்தது, ஆனால் யாரும் தொடவில்லை. சாவுச் சடங்குகளுக்கு முன்நிற்கும் காலனிப் பெரியவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். சிக்கல் எதில் என்றால், இத்தனை பேருக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட்ட மனுஷிக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட ஆள் இல்லை.

சிலோனிலிருந்த தம்பி முந்தைய வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி பிள்ளைகள் போனில் முகத்தைக் காட்டி அழுதார்கள். பாஸ்போர்ட், விசா என்று அவர்கள் வந்து சேர்வதற்குள் இங்கே என்ன ஆகும்? “யாராச்சும் எங்க எடத்துல நின்னு போட்டுருங்க” என்றார்கள். யார் நிற்பது என்பதுதான் கேள்வி. டீக்கடைக்காரர் எழுந்து, “ஞான் போடட்டே?” என்றார். “நீயே அம்மான்னுதானய்யா கூப்புடுவ. மகன் எப்புடிப் பொறந்த வீடாவான்?” என்று பெரியவர் உட்கார வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார், அவர் உரக்கடைக்காரரைப் பார்த்தார். அங்கிருந்த அத்தனை பேருக்கும் அவர் அம்மா. காலனியில் பாதிப் பெண்களுக்கு அவர்தான் தாய்வீடு. பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தால் என்ன, கூடப் பிறந்தவன் என்று ஒருவன் கிடையாதே.

“கோடி இல்லாமயே எடுத்துருவோம், வேற என்ன செய்யிறது? மழை வேற எறங்குது” என்று யாரோ சொன்னார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“அதெப்படிங்க எடுப்பீங்க? ஆளில்லாதவளுக்கெல்லாம் தேடித் தேடிப் போட்டுச்சே, அதுக்குப் போடாம எடுத்துருவீங்களா? நல்லா இருக்குதுங்க உங்க நாயம்!”

“அப்ப நீ சொல்லு தாயி, யாரக் கூப்புட?” என்றார் பெரியவர்.

வாயை விட்டால் இதுதான் கதி. ஆனால் அந்த நேரம் எனக்குப் பளிச்சென்று ஒன்று பட்டது. நான் ஒருத்திதான் அவரை அம்மா என்று கூப்பிடாதவள். என் மாமியாருக்கு முன்னால் நின்று, என் அப்பனோடு கூடப் பிறந்தவள் என்று சொன்னது அவர் வாய். அப்படியானால் அவருடைய பிறந்த வீடு என் அப்பன் வீடு. அப்பா இல்லை. அப்பாவுடைய மகன் இருக்கிறான். நான் கட்டிக்கொண்டு வந்தவள், நான் போட முடியாது. அவன்தான் போட வேண்டும்.

பெரியவரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். “வாயால சொன்ன மொறையும் மொறைதான். ஆனா உங்கண்ணன் வருவானா?” என்றார். என் அப்பன் சாவுக்கே எனக்குச் சொல்லாதவனிடம் நான் எழவு சொல்ல வேண்டும். செத்தாலும் அவனிடம் ஒன்று கேட்க மாட்டேன் என்று இருந்தவள் நான். உரக்கடைக்காரரிடம் நம்பர் வாங்கிக்கொண்டு, காலனிக் குழாயடிக்குத் தனியாகப் போய் நின்று போட்டேன்.

“யாருங்க?” என்றான்.

“நான்தான்.”

வைத்துவிடுவானோ என்று நானே முந்திக்கொண்டேன். “அத்தை செத்துப் போச்சு.”

“எந்த அத்தை?”

“நம்ம அப்பனுக்கு அக்கா.”

“அப்பனுக்கு ஏது புள்ள அக்கா?”

“இருந்துச்சு. உனக்குத் தெரியாது. நீ கட்டுச்சோறு கொண்டு வராதப்ப அது கொண்டு வந்துச்சு. அப்பன் செத்தப்ப இங்க அதுதான் அழுதுச்சு. நீ நிக்க வேண்டிய எடத்துல எல்லாம் அது நின்னுச்சு. இப்பப் பொறந்த ஊட்டுக் கோடி போட ஆளில்லாமப் படுத்திருக்குது. வருவியா, வரமாட்டியா, ரெண்டுல ஒண்ணச் சொல்லு.”

“எப்ப எடுக்கறீங்க?” என்றான். “பொழுது சாயறதுக்குள்ள” என்றேன். போன் நின்றுவிட்டது. வருகிறேன் என்று சொல்லவில்லை.

அந்த மத்தியானம் போல ஒரு மத்தியானத்தை நான் கழித்ததில்லை. மஞ்சு இறங்கி எதிர்மேட்டுத் தேயிலை மறைந்துபோனது. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் ரோட்டைப் பார்த்தேன். வராவிட்டால் அத்தை கோடி இல்லாமல் போவார், ஊர் முன்னால் என் பேச்சும் போகும், அண்ணன் என்று இன்னும் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் போகும். தப்படிப்பவர்கள் இரண்டு தரம் தோலைக் காய்ச்சினார்கள். பெரியவர் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

அவன் ஒரு வாடகைக் காரில் வந்தான். கதவைத் திறந்து இறங்கினான், இறங்கியதும் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மலை ரோடு ஆகாது. தலை நரைத்து, வயிறு விழுந்து, அப்பா மாதிரியே இருந்தான். டீக்கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். “எங்க வெச்சிருக்குது?” என்றான். காரிலிருந்து ஒரு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு, தப்பு முன்னால் போக, காலனி மேட்டில் ஏறினான். கூட்டம் விலகி வழிவிட்டது. யார் வீட்டுக் கோடி என்று பெரியவர் சத்தமாகக் கேட்டார். “பொறந்த ஊட்டுக் கோடிங்க. தம்பி மகனுங்க” என்றான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகச் சொன்னான்.

தாம்பாளத்தின் மேல் துணியை எடுத்தபோதுதான் கூட்டம் சலசலத்தது. உள்ளே அரக்குச் சேலை. நல்ல சரிகைக் கரை. மல்லிகை, குங்குமம், கண்ணாடி வளையல். சுமங்கலிக்குக் கொண்டுவருகிற சீர். அத்தை புருஷனை இழந்து எவ்வளவோ காலமாயிற்று. அது இவனுக்கு எப்படித் தெரியும்? அக்கா என்றேன், அத்தை என்றேன், தாலி இல்லாதவர் என்று சொல்லத் தோன்றவே இல்லை. அவன் முகம் செத்துவிட்டது. “ஒண்ணுஞ் சொல்லலீயே புள்ள” என்று என்னிடம் முணுமுணுத்தான். வயதான பெண்கள் வாய்மேல் கைவைத்தார்கள். கீழே எங்கள் கடையிலிருந்து ஒரு வெள்ளைச் சேலை எடுத்து வரட்டுமா என்று என் வீட்டுக்காரர் கிளம்பினார்.

அப்போது அத்தையின் மருமகள் எழுந்து வந்தாள். மாமியாரும் மருமகளும் ஒருநாள் கூடச் சண்டை போடாமல் இருந்ததில்லை என்று காலனிக்கே தெரியும். அவள் சேலையைக் கையில் எடுத்தாள், வெளிச்சத்தில் பிடித்தாள், முந்தானையைக் கசக்கிப் பார்த்தாள்.

“நல்ல சீலை” என்றாள். “பொறந்த வீட்டுச் சீலையத் திருப்பி அனுப்புவாங்களா யாராச்சும்? தாலி எல்லாம் புருஷன் வீட்டு வெவகாரம். பொறந்த வீட்டுக்கு எங்க மாமியா புள்ளைதான? போத்துங்கய்யா.”

பெரியவர் தலையை ஆட்டினார். குங்குமத்தை மட்டும் தாம்பாளத்திலேயே வைத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் போட்டார்கள். என் அண்ணன் குனிந்து சேலையைப் போர்த்தி, கழுத்துவரை இழுத்துவிட்டு, ஓரத்தைக் கைகளுக்கு அடியில் செருகினான், தூங்குகிற பிள்ளைக்குச் செய்வது போல. அத்தை வெள்ளைக்கும் சாம்பலுக்கும் பழகிய உடம்பு. அரக்கில் அவ்வளவு அழகாக இருந்தார். வயதான பெண்கள்தான் முதலில் வாய்விட்டு அழுதார்கள், பிறகு எல்லோரும்.

பிறந்த வீட்டுக்காரன் என்பதால் பாடையில் ஒரு பக்கம் அவனும் தோள் கொடுத்தான். பெண்கள் எஸ்டேட் முக்குவரைதான் போகலாம். அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரத் தேயிலைக்கு நடுவில் சறுக்குப் பாதை, அவனுக்குப் பழக்கமில்லாத இறக்கம். வழுக்கி வழுக்கிப் போனான், ஆனால் தோள் மாற்றிக்கொள்ளவில்லை.

குழி மூடித் திரும்பியவன் நேரே காரில் ஏறப் போனான். சாவுக்குப் போன உடம்போடு குளிக்காமல் ஊர் திரும்புவதா? எங்கள் பஜாரில் அவனுக்குக் குளிக்க வேறு எந்த வீடு இருக்கிறது? நான் வா என்று கூப்பிடவில்லை, அவன் வரட்டுமா என்று கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் வெந்நீர் விளாவி வைத்தேன். என் வீட்டுக்காரர் கடையிலிருந்து புது வேட்டி துண்டு எடுத்து வந்து, “சூடு போதுங்களா மச்சான்?” என்று கேட்டார். இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. “போதுங்க” என்றான். ஈரத் தலையோடு பின்வாசல் வழியாக என் வீட்டுக்குள் வந்தான். சாப்பிட்டான். ரசம் இன்னொரு தரம் கேட்டான். சுவரில் என் மகளின் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தான். அப்பா செத்ததை எனக்குச் சொல்லாததைப் பற்றி அவன் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க நிறைய இருக்கிறது. இன்றைக்கு வேண்டாம் என்று விட்டேன், அத்தைக்காக.

போகும்போது காரில் ஒரு கால் வைத்துவிட்டு, “ஆடி நோம்பிக்கு ஊட்டுக்கு வா” என்றான்.

“அறிவிருக்கா உனக்கு? எழவுக்கு வந்துட்டு யாராவது விருந்துக்குக் கூப்புடுவாங்களா? போ பேசாம” என்று கத்தினேன். அவன் பதறிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கார் வளைவில் இறங்கி மறைந்ததும் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அத்தைக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா, தெரியாது. டீக்கடைக்காரர் ஒரு டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். என் அப்பனோடு பிறக்காமலே என் அப்பனுக்கு அக்காவாகி, பிள்ளை பெறும்போது எனக்குச் சோறு ஊட்டி, சாகும்போதும் எனக்கு ஒரு வேலை செய்துவிட்டுப் போன மனுஷிக்கு நான் எந்த ஜென்மத்தில் நன்றி சொல்லித் தீர்ப்பேன்?

மறுநாள் காலையில் கடை திறந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

“குளிச்சு, சாமி கும்புட்டுட்டுத்தான் பேசறேன்” என்றான் அண்ணன். “இப்பக் கூப்புடலாமல்ல? ஆடி நோம்பிக்கு ஊட்டுக்கு வா கண்ணு. மாப்பிள்ளையையும் புள்ளையையும் கூட்டிட்டு வா.”

என் நீள வாய்க்கு அன்றைக்குப் பேச்சே வரவில்லை. போனை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நீயே சொல் என்று கையைக் காட்டிவிட்டு ஷட்டரை முழுவதும் ஏற்றப் போய்விட்டார்.

“வர்றேண்ணா” என்றேன்.